ஹெலிகாப்டர் வழி லேசர் நில அளவை

ஹெலிகாப்டர் வழி லேசர் நில அளவை என்பது, உலங்கு வானூர்தியில் (ஹெலிகாப்டரில்) பொருத்தப்பட்ட லேசர் கருவியைக் கொண்டு, வானிலிருந்தே நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்து முப்பரிமாண வரைபடம் உருவாக்கும் முறையாகும். இக்கருவி லிடார் எனப்படுகிறது. இருப்புப்பாதை, நெடுஞ்சாலை, மின்தடம் ஆகியவற்றைத் திட்டமிடுதல், வெள்ள அபாயப் பகுதிகளைக் கண்டறிதல், வன ஆய்வு, தொல்லியல் எனப் பல துறைகளில் இது பயன்படுகிறது.

அடிப்படைத் தத்துவம்

கிணற்றில் கல்லைப் போட்டு, ஒலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுவது போன்றதே இது. இங்கே கல்லுக்குப் பதில் ஒளி. கருவி ஒரு லேசர் துடிப்பை நிலத்தை நோக்கி அனுப்புகிறது. அது பட்டுத் திரும்பும் நேரம் அளக்கப்படுகிறது. ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர்.

தொலைவு = (ஒளியின் வேகம் × நேரம்) ÷ 2

ஒளி போய்த் திரும்புவதால் இரண்டால் வகுக்கிறோம். ஹெலிகாப்டர் 800 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒளி மொத்தம் 1,600 மீட்டர் பயணம் செய்யும். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 5.3 பங்கு மட்டுமே. இதை அளக்கும் கடிகாரம், ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு (ஒரு நானோ வினாடி) பிழை செய்தாலும் தொலைவில் 15 சென்டிமீட்டர் வேறுபாடு வந்துவிடும்.

லேசர் 1960ஆம் ஆண்டு முதன்முதலில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. 1971இல் அப்பல்லோ 15 விண்கலம், நிலவைச் சுற்றியபடியே அதன் மேற்பரப்பின் உயரங்களை லேசர் கொண்டு அளந்தது.

கருவித் தொகுதி

தொலைவு மட்டும் தெரிந்தால் போதாது. எந்த இடத்திலிருந்து, எந்தத் திசையில் அளந்தோம் என்பதும் தெரிய வேண்டும். ஆகவே நான்கு கருவிகள் சேர்ந்து இயங்குகின்றன.

1. லேசர் அலகிடும் கருவி: ஆடும் அல்லது சுழலும் கண்ணாடியின் உதவியால், வினாடிக்கு இலட்சக்கணக்கான துடிப்புகளைப் பறக்கும் பாதையின் இருபுறமும் வீசுகிறது.

2. செயற்கைக்கோள் வழி இடங்காட்டி: ஹெலிகாப்டர் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. நிலத்தில் ஏற்கெனவே துல்லியமாக அளந்து குறிக்கப்பட்ட புள்ளிகளோடு ஒப்பிட்டு இது திருத்தப்படுகிறது.

3. நிலைம அளவி: ஹெலிகாப்டரின் சாய்வையும் திருப்பத்தையும் பதிவு செய்கிறது. 800 மீட்டர் உயரத்தில், கோணத்தில் 0.01 பாகை பிழை ஏற்பட்டாலும் நிலத்தில் புள்ளி ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் விலகிவிடும்.

4. ஒளிப்படக் கருவி: அளந்த இடம் வயலா, வீடா, சாலையா என்று பார்த்து அறிய உதவுகிறது.

மரங்களுக்கு அடியில் நிலம் தெரிவது எப்படி?

லேசர் ஒளி இலைகளைத் துளைத்துச் செல்வதில்லை. நண்பகலில் மரத்தடியில் விழும் வெயில் பொட்டுகளைப் போல, இலைகளின் இடைவெளி வழியாகவே அது கீழே இறங்குகிறது. மேலும், ஒரு துடிப்பு நிலத்தை அடையும்போது ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு விரிந்துவிடும். அதன் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்ப, மற்றொரு பகுதி தரையில் பட்டுத் திரும்பும். கருவி இரண்டையும் தனித்தனியே பதிவு செய்கிறது. பின்னர் கணினியில், மரங்களிலும் கட்டடங்களிலும் பட்ட புள்ளிகளை நீக்கினால் வெறும் தரையின் வடிவம் கிடைக்கிறது.

ஹெலிகாப்டர் ஏன்?

பரந்த சமவெளியை விரைந்து அளக்க விமானமும், சில ஏக்கர் பரப்பை அளக்க டிரோனும் ஏற்றவை. ஹெலிகாப்டரால் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்க முடியும். பள்ளத்தாக்குகளிலும் வளைந்து செல்லும் தடங்களிலும் எளிதில் திரும்ப முடியும். மெதுவாகப் பறப்பதால் ஒரு சதுர மீட்டரில் விழும் புள்ளிகள் கூடுகின்றன. ஓடுபாதையும் தேவையில்லை. ஆனால் பறப்பதற்கான செலவு அதிகம்.

இந்தியாவில்

இந்தியாவில் இருப்புப்பாதைத் திட்டம் ஒன்றுக்கு இம்முறை முதலில் பயன்பட்டது 508 கிலோமீட்டர் நீள மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் தடத்தில்தான். வழக்கமான முறையில் 10 முதல் 12 மாதங்கள் பிடிக்கும் களத் தரவுப் பணி 12 வாரங்களில் முடிந்தது. அடுத்து, தில்லி–வாரணாசி தடத்துக்கான அளவைக்காக, 2021 ஜனவரியில் கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஹெலிகாப்டர் புறப்பட்டது. பாதை எவ்வழியே செல்ல வேண்டும், எவருடைய நிலமும் வீடும் அதில் அகப்படும் என்பதைக் கணிக்க இத்தகைய அளவை அடிப்படையாகிறது. எனவே இதில் ஏற்படும் பிழை தாளோடு நிற்பதன்று.

கம்போடியாவில்

2012 ஏப்ரலில், தொல்லியலாளர் டேமியன் எவன்சும் அவருடைய குழுவினரும் அங்கோர் உள்ளிட்ட பகுதிகளில் ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரப்பை ஹெலிகாப்டர் வழி அளந்தனர். அவற்றுள் ஒன்றான குலேன் மலை அடர்ந்த காடு. போர்க்காலக் கண்ணிவெடிகள் எஞ்சியிருந்ததால் நடந்து சென்று அளப்பது உயிருக்கே ஆபத்து. காட்டுக்கு அடியில் மகேந்திரபர்வதம் என்னும் பழைய நகரின் தெருக்களும் கரைகளும் குளங்களும் வரைபடத்தில் தெரியவந்தன. அங்கோர் வாட் கோயில் வளாகத்துக்குள்ளும் தெருக்களும் குளங்களும் ஒழுங்காக அமைந்திருந்தது தெளிவாயிற்று.

வரம்புகள்

மழை, மூடுபனி, தாழ்ந்த மேகம் ஆகியவை ஒளியைத் தடுக்கும். வழக்கமாகப் பயன்படும் அகச்சிவப்பு லேசர் நீருக்குள் செல்லாது. ஆழம் குறைந்த நீரின் அடித்தளத்தை அளக்கப் பச்சை நிற லேசர் தேவை. இடைவெளியற்ற புதரில் தரைப் புள்ளிகள் கிடைப்பது அரிது. கணினி வடிகட்டும்போது தாழ்ந்த வரப்பு ஒன்றைப் புதர் எனக் கருதி நீக்கிவிடவும் கூடும்.

இவை அனைத்தையும்விட முக்கியமான வரம்பு ஒன்று உண்டு. லேசர் நிலத்தின் வடிவத்தை மட்டுமே சொல்லும். அதன் வயதையோ பயனையோ உரிமையாளரையோ சொல்லாது. அங்கோர் வாட்டின் தெற்கே தெரிந்த சுருள் வடிவ மண் அமைப்புகள் எதற்காக அமைக்கப்பட்டன என்பதை வரைபடம் சொல்லவில்லை. ஒரு மேடு கோயிலின் அடித்தளமா, கரையான் புற்றா என்பதைக் களத்தில் இறங்கித்தான் அறிய வேண்டும். அதுபோலவே, ஒரு நிலத்தின் எல்லை வேலியில் இல்லை, பட்டாவில் இருக்கிறது. ஆகவே வானிலிருந்து அளந்த பின்னரும் நில அளவையாளர் களத்துக்குச் செல்வது தேவையாகிறது. எங்கே செல்ல வேண்டும் என்பதை லேசர் வரைபடம் அவருக்குக் காட்டுகிறது.