புதியவருக்கு ஒரு சட்டம்

பேராதனை வளாகத்திலே, மகாவலியின் ஒரு கரையில் கலைப்பீடம், மறுகரையில் பொறியியற்பீடம். கலைப்பீடத்துப் பழைய செய்தியொன்று அக்கரையில் மென்பொருள் பயிலும் மாணவருக்கு இன்று உதவும் என்பது என் எண்ணம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். அவ்வாறு 'இராவணேசன்' அரங்கேறியது. கூத்து மரபிலே புதியவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க விடுவதில்லை. முதலில் சட்டம் கொடுத்தல்: சேவகனாயினும் அரசனாயினும் அவரவர் பகுதி அவரவர் கையில் வந்துவிடும். பிறகுதான் பழக்கம், சதங்கை அணிதல், அரங்கேற்றம். அடி தவறினால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தித் திருத்துவார்.

திறந்தமூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம், ஏற்பதும் மறுப்பதும் அதனைப் பேணுவோர் பொறுப்பு. 2004 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சஹானா' இவ்வகையதே. புதியவருக்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, உதவித்தொகையும் வழங்கும் கூகுளின் 'சம்மர் ஒவ் கோட்' திட்டம் 2005இல் தொடங்கிற்று. அதன் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரை அனுப்பியது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 முதல் மாணவரல்லாதாரும் சேரலாம்.

ஆயினும் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த ஒரு மாணவி பல்லாயிரம் வரி நிரலைத் திறக்கிறாள். எங்கே தொடங்குவது? ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். துணிந்து ஒரு திருத்தம் அனுப்புகிறாள். மாதம் கழிந்தும் மறுமொழி இல்லை. போய்விடுகிறாள். அவளை எவரும் விரட்டவில்லை. வந்ததையே எவரும் கவனிக்கவில்லை.

நல்ல வழிகாட்டி, தாம் அரைமணியில் தீர்க்கக்கூடிய சிறு பிழையைத் தீர்க்காமல் புதியவருக்கென வைத்திருப்பார். அதை விளக்க இரண்டு மணி செலவாகும். அன்றைய கணக்கில் நட்டந்தான். (விடையைத் தாமே சொல்லிவிடத் துடிக்கும் ஆசிரியர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.) திருத்தத்தை மறுத்தால், எந்த வரி, ஏன் என்று எழுதுவார். 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லை விட அந்த மறுப்பே பயனுடையது.

மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்குவதைச் சிலர் சில்லறை வேலை என்பர், நான் உடன்படேன். படியெடுத்தல், மாற்றுதல், அனுப்புதல், திருத்தம் பெறுதல் என்று முழு வழியையும் அது ஒருமுறை நடத்திக் காட்டிவிடும். மூத்த மாணவர் இருவர் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் பேராதனையிலேயே தொடங்கலாம். ஒரு மேசையும் இணையத் தொடர்பும் போதும். முதற் சட்டமாக முப்பது சொற்கள் கொடுக்கலாம்.