மரையும் ஒரு சீட்டும்

'எல்க்' என்னும் ஆங்கிலச் சொல் உலகஞ் சுற்றிய சொல். ஐரோப்பாவின் வடபுலத்தில் அது, விரித்த உள்ளங்கை போன்ற கொம்புடைய ஒரு பெருவிலங்கைக் குறிக்கும். அமெரிக்காவிற் குடியேறியோர் அப்பெயரை வேறொரு மானுக்கு இட்டனர். அம்மானை அந்நாட்டுப் பழங்குடியினருள் ஒரு சாரார் 'வாப்பிட்டி' என்பர். வெண்ணிறப் பின்புறமுடையது என்பது பொருள். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ நம் மலைநாட்டு மரையைக் கண்டு, இதுவும் எல்க் என்றே எழுதி வைத்தனர். நுவரெலியாவுக்கு அண்மையில் 'எல்க் சமவெளி' என்றொரு புல்வெளி இன்றும் அப்பெயரோடு கிடக்கின்றது.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு கடிதம். முன்னேஸ்வரத்தில் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழ்கின்றார். "ஐயா, மூன்றாண்டு காத்திருந்து இவ்வாண்டு எனக்கு ஓர் எல்க் சீட்டு விழுந்திருக்கிறது. இவ்விலங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று எழுதியிருந்தார். மரை என்று எழுதலாம். ஆயினும் அது நம் மரையன்று, மரைக்கு உறவு என்று விடை விடுத்தேன். நாம் மரை என்பதனைத் தமிழகத்தார் கடமான் என்பர். அங்கும் தென்கோடியில் மிளா என்பர். சங்கப் புலவர் பாடிய மரையோ நெல்லிக்கனியை விரும்பித் தின்னும் மலைவாழ் விலங்கு.

சீட்டு என்றதும் நம்மவர்க்கு மாதச் சீட்டு நினைவுக்கு வரும். இது வேறு. கொலராடோவில் ஒவ்வொரு மலைப்பகுதியும் ஒரு வேட்டைப் பிரிவு. இப்பிரிவில் இவ்வாண்டு இத்தனை கலை, இத்தனை பிணை எடுக்கலாம் என்று அரசு எண்ணிக்கை வகுத்து, பல பிரிவுகளில் அத்தனை சீட்டுக்களையே குலுக்கலில் வழங்குகின்றது. ஏப்ரல் தொடக்கத்திற்குள் விண்ணப்பித்தல் வேண்டும். முதல் விருப்பம் கிடையாதவருக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். பெயர்பெற்ற சில பிரிவுகளுக்கு இருபது ஆண்டுக்கு மேலாகப் புள்ளி சேர்ப்பாரும் உளர். ஒரு மானுக்கு இருபது ஆண்டு! நம் மாணவரிற் சிலர் பண்டிதர் பரீட்சைக்கு இவ்வளவு பொறுமை காட்டியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டுக் கிடைத்த பின்னரே உண்மையான ஆயத்தம் தொடங்குகின்றது. 1949 ஜனவரி முதலாந் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்தவரெனின் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வேண்டும். ரைபிள் வேட்டைப் பருவம் ஒக்டோபரிலே தொடங்கும். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்காது ஏறக் கோடை முழுவதும் நடந்து பழகவேண்டும். மான் மேயும் புல்வெளி எது, பகலிற் படுக்கும் காட்டுச் சரிவு எது, காற்று எப்பக்கம் வீசும் என்று முன்கூட்டியே சென்று பார்த்து வரவேண்டும். பிறர் குண்டுக்கு இரையாகாதிருக்க, இடைக்கு மேல் 500 சதுர அங்குலமேனும் ஒளிரும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு உடை அணிதல் சட்டம், தொப்பியும் அந்நிறமே. எத்தனை கஜத்தில் தன் குறி தவறாது என்பதைத் தானே அறிந்து, அதற்கப்பால் நிற்பதைச் சுடாது விடவேண்டும்.

வீழ்ந்த பின்னும் வேலை முடிவதில்லை. கலை ஏறக்குறைய எழுநூறு இறாத்தல் நிறையுடையது. எலும்பு நீக்கிய இறைச்சியே இருநூறு இறாத்தலளவு தேறும். வாகனம் செல்லா மலையிலிருந்து அதனை முதுகிற் சுமந்து பலமுறை ஏறி இறங்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே விட்டு வருவது குற்றம். இத்தனையையும் அம்மாணவர் ஒரு பரீட்சைக்குப் படிப்பவர்போல் எழுதியிருந்தார். நான் புலாலுண்ணாதவன், ஆயினும் கடிதத்தை இருமுறை படித்தேன்.

அக்கட்டுப்பாடு அங்கே இயல்பாக வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலையில் இருந்தது. வேட்டையைப் பல்லாண்டு நிறுத்தி, வயோமிங் மாநிலத்திலிருந்து மான்களைக் கொணர்ந்து விட்டே இனத்தை மீட்டனர். இன்று அம்மாநிலத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேலான எல்க் உண்டு. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரியை வனவிலங்குகளுக்கே செலவிடவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது 1937-இல். நம் நாட்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937-இல் வந்தது. ஒரே ஆண்டிற் பிறந்த அவ்விரண்டும் வெவ்வேறு வழி சென்றன.

நம் மலைநாட்டிலே சீட்டுமில்லை, கணக்குமில்லை என்ற காலமும் இருந்தது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848-இல் நுவரெலியாவிற் குடியேறினார். வேட்டைநாய்களை ஏவி மரையை ஓடையில் மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்வதில் அவர் பெருமகிழ்ச்சி கண்டார். 1855-இல் நாட்டை விட்டுப் போனார். ஹோட்டன் சமவெளியில் ஓர் அருவி அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அவர் நூல்களை வாசித்திருக்கின்றேன். அஞ்சாமையும் நல்ல உரைநடையும் உண்டு; போதும் என்ற சொல் மட்டும் இல்லை. அச்சமவெளியில் அக்காலத்து உலாவிய யானை இன்று இல்லை. மரை பிழைத்தது; 1988-இல் அவ்விடம் தேசிய பூங்காவாயிற்று.

கொல்லலாமா என்னும் வாதம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. 2011-இல் பத்திரகாளியம்மன் கோவிலிற் பலிக்கு நின்ற ஆடு கோழிகள் அகற்றப்பட்டபோது இரு சாராரும் உரத்துப் பேசினர். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் சேக்கிழார். கண்ணப்பர் புராணத்திலே வேடர் காட்டை வளைக்கின்றனர்; அம்பு மழையாகப் பொழிகின்றது. அக்கொலைக்கு நடுவிலே புலவர் ஒரு கணம் நின்று, யானைக் கன்றை அவர்கள் பின்தொடர்ந்திலர், விலங்கின் சிறு குட்டிகளைக் கொன்றிலர், சூல் கொண்டு நடைதளர்ந்த பிணையை வருத்திலர் என்று சொல்லிச் செல்கின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர் எழுதிய வேட்டைவிதி அது. கலைக்கு ஒரு சீட்டு, பிணைக்கு ஒரு சீட்டு என்று கொலராடோ அரசு வகுத்ததை வாசிக்கையில் அப்பாட்டே என் காதில் ஒலித்தது.

இன்று இலங்கையில் மரையைக் கொல்லுதல் குற்றம். மரை மலைநாட்டில் மாத்திரமன்று, எங்கள் மாவட்டத்து வடக்கெல்லையில் வில்பத்துக் காட்டிலும் வாழ்கின்றது. சட்டம் இருக்க, மரை வத்தலுக்கு ஆசைப்படுவாரும் இருக்கின்றனர். காட்டோரங்களிற் கம்பிக் கண்ணியும் கட்டுத்துவக்கும் வைக்கின்றனர். கட்டுத்துவக்கு என்பது, மரத்திற் கட்டி, குறுக்கே இழுத்த கயிறு தடக்கியதும் தானே வெடிக்கும் துவக்கு. வைத்தவன் வீட்டில் உறங்குவான். கயிற்றிற் கால் தடக்குவது கலையோ, சூற்பிணையோ, கன்றோ, விறகு பொறுக்க வந்த மனிதனோ என்று அது பார்ப்பதில்லை.