குண்டைச் சுற்றும் துணி

துணியின் உபயோகங்களை எண்ணும்போது வேட்டி, சேலை, துப்பட்டி, விளக்குத்திரி, வடிகட்டி எனப் பல நம் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கியின் குறி தவறாமைக்கும் நெசவு ஒரு காரணமாகும் என்பது அங்கத்தினர் பலருக்குப் புதிய விஷயமாயிருக்கலாம். அமெரிக்க நாட்டில் ஆர்வமுள்ளோர் இன்றும் பயின்று வரும் சக்கிமுக்கித் துப்பாக்கியில், குழலின் வாய்வழியே செலுத்தப்படும் ஈயக் குண்டைச் சுற்றி ஒரு சிறு துணித்துண்டு வைக்கப்படுகிறது. அது சரியாயிராவிடில், மற்றவையெல்லாம் சரியாயிருந்தும் பயனில்லை.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய நாடுகளிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் தாய்நாட்டின் குட்டையான, அகன்ற துளையுள்ள வேட்டைத் துப்பாக்கியைப் புதிய நாட்டின் தேவைக்கேற்ப மாற்றி அமைத்தனர். குழல் 40 அங்குலத்திற்கு மேலும் நீண்டது, துளை குறுகியது. இம்மாற்றத்திற்குச் சிக்கனம் ஒரு முக்கிய காரணமாகும். காட்டில் நெடுநாள் தங்குபவன் ஈயத்தையும் மருந்தையும் தானே சுமந்து செல்ல வேண்டுமன்றோ? பிற்காலத்தில் அப்பலாச்சிய மலைப்பகுதி மக்கள், அணில் முதலிய சிறு பிராணிகளை வேட்டையாடுவதற்கு 0.32, 0.36 அங்குலத் துளையுள்ள துப்பாக்கிகளை விரும்பினர்.

இதில் உள்ள மிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ராத்தல் என்பது 7,000 கிரெயின். 0.32 அங்குலத் துளைக்குரிய குண்டின் எடை சுமார் 45 கிரெயின். எனவே ஒரு ராத்தல் ஈயத்தில் ஏறக்குறைய 155 குண்டுகள் வார்க்கலாம். 0.50 அங்குலத் துளைக்குரிய குண்டோ சுமார் 177 கிரெயின் எடையுள்ளது. அதே ஈயத்தில் 39 குண்டுகளே கிடைக்கும். மருந்தும் அவ்வாறே. சிறு துளைக்கு ஒரு வேட்டுக்கு 20 கிரெயின் போதுமெனக் கொண்டால், ஒரு ராத்தல் மருந்து 350 வேட்டுகளுக்கு வரும்.

இனித் துணியின் வேலையைக் கவனிப்போம். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. குண்டு சுழன்று சென்றால்தான் நேராகச் செல்லும். ஆனால் குண்டின் குறுக்களவு 0.310 அங்குலமே, துளையைவிடச் சிறிது குறைவு. 0.015 அங்குலக் கனமுள்ள துணியைச் சுற்றினால் இருபுறமும் சேர்ந்து 0.340 அங்குலமாகிறது. ஆகவே துணி நெருக்குண்டு பள்ளங்களில் அழுந்தி, குண்டைத் தன்னுடன் சுழற்றுகிறது; பின்னாலுள்ள வாயு கசியாமலும் அடைக்கிறது. துணியின் கனம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பின் வேட்டுக்கு வேட்டு குறி மாறும். ஆதலின் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் நெய்த பருத்தி அல்லது லினன் துணியே விரும்பப்படுகிறது. கஞ்சி போகத் துவைத்து, கொழுப்பு அல்லது தேன்மெழுகு கலந்த எண்ணெய் தடவி அதனை உபயோகிப்பர். செயற்கை இழைத் துணி வெப்பத்தில் உருகுமாகையால் அது ஏற்றதன்று.

கெட்டிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவதாகக் குழல் காலியாயிருக்கிறதா என்று கோலைவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மருந்தைக் கொம்பிலிருந்து அளவுக்குழாயில் ஊற்றி, அதிலிருந்தே குழலில் இட வேண்டும். கொம்பிலிருந்து நேரே ஊற்றலாகாது. உள்ளே கனல் எஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். அடுத்து, எண்ணெயிட்ட துணியைக் குழல்வாயில் விரித்து, வார்ப்பு முளை மேல்நோக்கியிருக்கக் குண்டை வைத்து அழுத்தி, கோலைச் சிறிது சிறிதாகப் பிடித்துக் குண்டை மருந்தின்மேல் படியும்வரை இறக்க வேண்டும். சிறு துளைக்குரிய கோல் மெல்லியது; நீளமாகப் பிடித்து ஒரேயடியாகத் தள்ளினால் முறிந்து கையைக் கிழித்துவிடும்.

கோலை வெளியே எடுத்த பின்னரே கிண்ணத்தில் சிறிது நுண்மருந்து இட்டு மூடியைச் சாத்த வேண்டும். விசையை இழுத்ததும், குதிரையின் வாயில் தோல் சுற்றிப் பொருத்திய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டைச் சுரண்டுகிறது. பொறியாகப் பறப்பது கல் அன்று; சுரண்டப்பட்ட எஃகின் துகளே எரிகிறது. அப்பொறி கிண்ணத்து மருந்தைப் பற்றி, பற்றுவாய் வழியாக உள்மருந்தை எட்டுகிறது. இதற்குச் சிறிது நேரம் பிடிக்குமாகையால், குண்டு வெளியேறும்வரை சுடுபவர் குறியை அசைக்கலாகாது.

இத்தொழிலில் மறதியே பெரும் சத்துரு. முன்பு கெட்டித்ததை மறந்து மறுபடி கெட்டித்தாலும், குண்டு மருந்தின்மேல் படியாமல் இடையில் நின்றாலும், குழல் புடைத்து வெடிக்கக் கூடும். இதனைத் தடுக்கக் கோலில் இரண்டு கோடுகள் இடுவர். ஒன்று காலிக் குழலுக்கு, மற்றொன்று முறையாகக் கெட்டித்த குழலுக்கு. கோலை விட்டுப் பார்த்தால் கோடு உண்மையைச் சொல்லிவிடும். இருப்புப் புத்தகத்தை மட்டும் நம்பாது, கிடங்கில் உள்ள நூற்கட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று சோதனைக்கு வரும் எங்களைப் போன்றோர் வற்புறுத்துவதும் இக்காரணம் பற்றியே. நினைவு தவறலாம், அளவு தவறாது.

கிண்ணம் எரிந்தும் வேட்டு எழாவிட்டால், துப்பாக்கியைக் குறியின் பக்கமே திருப்பியவாறு குறைந்தது ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். குழல்வாயில் எட்டிப் பார்ப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். சிறு துளையில் கரி விரைவில் படியுமாகையால், இடையிடையே ஈரத்துணியால் துடைப்பதும், வேலை முடிந்தபின் நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுவதும் இன்றியமையாதவை.

சுட்ட பிறகு சில கஜ தூரத்தில் விழும் துணித்துண்டைத் தேடி எடுத்து ஆராய்வதும் ஒரு வழக்கம். துணி முழுதாயிருந்தால் எல்லாம் நலம். நடுவில் எரிந்து துளைபட்டிருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. வரிகளின் இடத்தில் அறுபட்டிருந்தால் குழலின் உள்விளிம்பு கூர்மையாயிருக்கிறது. பாவும் ஊடும் இங்கு சாட்சி சொல்கின்றன.

நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பயிர்க்காவலுக்காக அத்தகைய உரிமம் வழங்க அச்சட்டம் இடமளிக்கிறது. எனினும் உரிமம் இருப்பதனாலேயே வனவிலங்குகளைச் சுடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு 1972ஆம் வருஷத்துச் சட்டம் தனியே உள்ளது. உரிமம் பெற்றுள்ள விவசாய அங்கத்தினர்கள் மேற்கூறிய எச்சரிக்கைகளை மனத்தில் இருத்துவார்களாக.

நெசவாளர்களுக்கு ஒரு சொல். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கன வேறுபாடு குண்டின் வழியையே மாற்றுமாயின், சீரான நெசவு என்பது வெறும் அழகுக்காக அன்று. நாம் நெய்யும் துணி எவர் கையில் எதற்குப் பயன்படும் என்பதை நாம் அறியோம். எந்த வேலைக்குச் சென்றாலும் தன் கடமையை அது தவறாது செய்ய வேண்டும்.