தோட்டப்புறத்தில் பழைய மின்கருவிகள்



கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த என்னும் தோட்டத்தின் பெயரை அறியாதவர் இந்நாட்டில் இலர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. மீட்கப்படாமல் மண்ணுள்ளேயே தங்கிவிட்டோர் பலர். அவ்விடம் குடியிருப்புக்கு ஆகாதென 2005லும் 2011லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, குடிபெயர்வதற்கான ஏற்பாடு வரவில்லை.

இன்று நான் பேச வந்தது மண்சரிவைப் பற்றியன்று. பழுதடைந்த மின்கருவிகளைப் பற்றி. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சரிவான நிலத்தில் மேலே எறிந்த பொருள் எறிந்த இடத்தில் நிற்பதில்லை. அதிலிருந்து கசியும் நஞ்சும் நிற்பதில்லை. மேல் லயத்தின் பின்புறத்துக் கானில் விழுந்தது மழையோடு இறங்கிக் கீழ் லயத்துப் பீலியை நாடும். கான் அடைபட்டால் வடியவேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கும். மலையில் அதன் விளைவு எத்தகையது என்பதை ஊவா மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இன்னொரு தொடர்பும் உண்டு. ‘எறியாதே’ என்று சொல்வது எளிது; எறியாமல் எங்கே கொடுப்பது என்பதற்கு வழி செய்வதே கடினம்.

இலத்திரனியல் கழிவு என்னும் சொல் பெரிதாக ஒலித்தாலும், பொருள்கள் நாம் அன்றாடம் கையாண்டவையே. லயத்து மூலையிலே பாருங்கள்: படம் தெரியாத பழைய தொலைக்காட்சிப் பெட்டி, மின்னேற்றம் பிடிக்காத கைத்தொலைபேசி, ஊதிப்போன அதன் மின்கலம், சுருள் மின்குமிழ், ரோச் லைற்றின் கலங்கள், எல்லாவற்றிலும் பாரமாக ஒரு கார் பற்றரி. மின்கம்பி எட்டாத காலத்தில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே பற்றரி வாங்கி, அதைப் பட்டணத்துக் கடைக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வந்த குடும்பங்கள் பல. ஊவாக் கிராமங்களில் சூரிய ஒளி விளக்குகளும் பரவின. 1997 முதல் பதினைந்து ஆண்டளவில் நாடெங்கும் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில், பெரும்பாலும் கடனுக்கு, அவை பொருத்தப்பட்டன. பின்னர் மின்கம்பி வந்து சேர்ந்ததும் அவற்றின் பற்றரிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயது முதிர்ந்த ஓர் அம்மாள் அத்தகைய பற்றரியொன்றை மணையாகப் போட்டு அதன்மேற் பானை வைத்திருந்ததைக் கண்டேன். “இதை ஏன் வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினேன். “கடன் கட்டி வாங்கினதுங்க ஐயா. சும்மா தூக்கிப் போட மனசு வருமா?” என்றார். இந்த நியாயத்தைப் புரிந்துகொள்ளாமல் வகுக்கும் எந்தத் திட்டமும் தோட்டத்தில் நில்லாது.

அந்தப் பற்றரியின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது ஈயம். எஞ்சியதில் ஒரு பங்கு கந்தக அமிலம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பழைய கண்ணாடித் திரைப் பெட்டியிலும் ஈயமுண்டு. சுருள் மின்குமிழிற் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அது ஆவியாக மூச்சிற் கலக்கும். செப்புக் கம்பியின் மேலுறையைத் தீயிட்டு எரித்தாலோ, புகையிலே டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். ஆனால் இப்பொருள்கள் முழுமையாக, உடைபடாமல் இருக்கும்வரை பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. தீங்கு பெரும்பாலும் உடைப்பதிலும் எரிப்பதிலும் நனையவிடுவதிலுமே தொடங்குகிறது.

உடைப்பவர் யார்? பழைய இரும்பு வாங்க வருபவர் எடைக்குக் காசு தருகிறார். செம்பும் ஈயமும் அவருக்கு வேண்டும். கண்ணாடியும் பிளாத்திக்கும் வேண்டா. ஆகவே பெட்டி லயத்து வாசலிலேயே உடைக்கப்படுகிறது. வேண்டாதது கானுக்குப் போகிறது. அவரைக் குறை கூறிப் பயனில்லை. தோட்டத்து வாசல் வரை வருகிறவர் அவர் ஒருவரே.

இத்தகைய பொருள்களைச் சேகரிக்க எவரும் முயலவில்லை என்று எண்ண வேண்டாம். அபாயகரமான கழிவைச் சேகரிப்போரும் ஏற்றிச் செல்வோரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என 2008ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. 2020 ஒக்டோபரிற் சுற்றாடல் அதிகார சபையும் தபால் திணைக்களமும் சேர்ந்து, பழைய மின்கருவிகளைத் தபால் நிலையங்களில் ஒப்படைக்க வழி செய்தன. கிராமங்களுக்கு இது மிக நல்ல யோசனை என்பேன். தபால் நிலையம் எங்கும் உண்டு, மக்கள் அதை நம்புகிறார்கள். ஆனால் லய அறைக்கெனத் தனி முகவரி இல்லாமையால், தோட்ட மக்களின் கடிதங்களே தோட்டக் கந்தோர் வழியாக வந்தது நெடுங்கால வழக்கம். தபாற்காரர் வாசலுக்கு வராத இடத்திலிருந்து உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி தபால் நிலையத்துக்கு எப்படிப் போகும்? பாரத்தைச் சுமந்து பட்டணம் போய்வந்தால் ஒரு நாட் பேர் விழாது.

குப்பை வண்டியின் கதையும் இத்தகையதே. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கு நிதி செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. தடை நீங்கியது, வழக்கம் இனித்தான் உருவாகவேண்டும்.

ஆதலால், சேகரிப்பு தொழிலாளர் கூடும் இடத்திலேயே தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. அந்த இடம் கொழுந்து மடுவம். தராசு அங்கே இருக்கிறது; மாலையில் எல்லோரும் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்பளத்தை அடுத்துவரும் ஒரு நாளிற் பழைய மின்கருவிகளை நிறுத்து வாங்கலாம். பற்றரிக்கு, பழைய இரும்புக்காரர் தரும் விலைக்குக் குறையாத விலையை அங்கேயே கையிற் கொடுக்கவேண்டும். கழிவை விற்று வரும் காசு பற்றரிக்குப் போதுமானாலும், மின்குமிழுக்கும் கண்ணாடித் திரைக்கும் ஆகாது. அவற்றை அகற்றச் செலவுதான் உண்டு. அச்செலவைப் பொருளை விற்ற நிறுவனங்களும் பிரதேச சபையும் ஏற்பதே முறை. ஏழையின் வாசலில் அதை இறக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சேர்ந்த 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவிற் காற்பங்கிலும் குறைவே முறையாகச் சேகரிக்கப்பட்டதாகக் கணக்கு. செல்வம் மிக்க நாடுகளே தடுமாறும் காரியத்தைத் தோட்டத் தொழிலாளி தம் கைக்காசிற் செய்யவேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று.

வாங்கிய பொருளை வைப்பதற்குச் சீமெந்துத் தரையும் ஒழுகாத கூரையும் உள்ள ஓர் அறை போதும். அது பிள்ளைக் காம்பராவுக்கும் பீலிக்கும் தொலைவாக இருக்கவேண்டும். பற்றரியை நிமிர்த்தியே வைக்கவேண்டும். அமிலத்தை எக்காரணங்கொண்டும் ஊற்றிவிடலாகாது. ஊதிய கைத்தொலைபேசி மின்கலத்தைக் குத்தாமல், மற்றவற்றோடு கலவாமல், உலர்ந்த மணலில் வைக்கவேண்டும், குத்தினால் தீப்பற்றும். மின்குமிழைப் பத்திரிகைத் தாளிற் சுற்றலாம். திருத்தக்கூடிய வானொலியையும் தொலைபேசியையும் முதலிற் பிரித்தெடுத்துத் திருத்துநரிடம் கொடுங்கள். மழையிரவில் எச்சரிக்கை கேட்க வேலைசெய்யும் வானொலி ஒன்று ஒவ்வொரு லயத்திலும் இருத்தல் நன்று. எஞ்சியவற்றை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே ஒப்படைத்து, எடை எழுதிய பற்றுச்சீட்டைத் தோட்டத்திலே வைத்துக்கொள்ளவேண்டும்.

ஊவாவில் ஒக்டோபர் பிறந்தால் மழை கனக்கும். முதற் சேகரிப்பைச் செப்டெம்பரிலேயே, கான்களைத் துப்புரவு செய்யும் வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கானிலிருந்து எடுக்கும் பழைய கலங்களும் அதே தராசுக்கு வரட்டும்.