ஆளில்லாத மலைக்கு யார் பெயர் வைத்தது?

கண்டங்கள் பற்றிய பாடம். கரும்பலகையில் அண்டார்க்டிகாவை வரைந்து, அதன் உயரமான சிகரம் வின்சன், 4,892 மீட்டர் என்று எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அங்க ஆளே இல்லன்னு இப்பதான் சொன்னீங்க டீச்சர். அப்புறம் வின்சன்னு பேரு வெச்சது யாரு?"

இருபது ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டு, இரவில் உட்கார்ந்து படித்தேன்.

கார்ல் வின்சன் மலையேறுபவர் அல்லர். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அண்டார்க்டிக் ஆய்வுகளுக்கு ஆதரவு தந்தார் என்பதற்காக அவர் பெயரைச் சூட்டினார்கள். முதன்முதலில் மனிதர் அந்த உச்சியில் கால் வைத்தது 1966 டிசம்பரில்தான். அதாவது ஏறுவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. எரபஸ் எரிமலையின் கதை வேறு. 1841-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைப் பார்த்தபோது தன் கப்பலின் பெயரையே வைத்தார். பியர்ட்மோர் பனியாறு, ஷேக்கில்டனின் பயணத்துக்குப் பணம் கொடுத்த தொழிலதிபரின் பெயர். கப்பல், பணக்காரர், அரசி, அமைச்சர் என்று வரைபடம் முழுக்க இப்படித்தான்.

எனக்குப் பிடித்தது பெட்டி மலை. 1911-இல் தென்துருவம் நோக்கிப் போன ஆமுண்ட்சென், வழியிலிருந்த ஒரு சின்ன மலைக்கு, தன் குடும்பத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த செவிலித்தாயின் பெயரைச் சூட்டினார். துருவத்தைத் தொட்டுத் திரும்புகையில் அங்கே கற்களை அடுக்கி ஒரு குவியலும் எழுப்பினார். அது இன்னும் நிற்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. வேலைக்காரம்மா பெயரில் ஒரு மலை!

நம்மவர் பெயரும் உண்டு. பீகாரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான அகௌரி சின்ஹா, 1971-72-இல் அமெரிக்கக் குழுவோடு சென்று பனிக்கடலில் சீல்களைக் கணக்கெடுத்தார். மேரி பைர்ட் நிலப்பகுதியில் 990 மீட்டர் உயரமுள்ள சின்ஹா மலை அவர் பெயரைத் தாங்கியது. அதற்கும் முன்பே, 1960-61-இல் தென்துருவ நிலையத்தில் உயிரியல் கடிகாரம் பற்றி ஆராய்ந்த கிரிராஜ் சிரோஹியின் பெயரில் ஒரு பாறை முனை இருக்கிறது.

ஆனால் ஒரே இடத்துக்குப் பல நாடுகள் பல பெயர் வைத்தால்? அண்டார்க்டிக் தீபகற்பம் அப்படித்தான் இருந்தது. பிரிட்டன் கிரஹாம் நிலம் என்றது, அமெரிக்கா பால்மர் என்றது, அர்ஜென்டினாவும் சிலியும் தங்கள் விடுதலை வீரர்களான சான் மார்ட்டின், ஓ'ஹிக்கின்ஸ் பெயர்களைச் சூட்டின. பிரிட்டனும் அமெரிக்காவும் 1964-இல்தான் பொதுப்பெயருக்கு ஒத்துக்கொண்டன. இன்று எல்லா நாடுகள் சூட்டிய பெயர்களையும் அண்டார்க்டிக் ஆய்வுக்கான சர்வதேச அறிவியல் குழு ஒரே தொகுப்பில் பதிவு செய்கிறது. ஒரு மலைக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்றும் அதில் இருக்கும்.

இந்த இடத்தில் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னேன். எங்கள் ஊர் செஞ்சி. ஜன்னலைத் திறந்தாலே ராஜகிரி. அதற்குக் கமலகிரி, ஆனந்தகிரி என்ற பழைய பெயர்கள் உண்டு. ஆனந்தகிரி என்பது கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஆனந்தக்கோன் வைத்த பெயர் என்றும், கிருஷ்ணக்கோன் பெயரால் கிருஷ்ணகிரி என்றும் சொல்வது மரபு. அந்தக் கிருஷ்ணகிரியை ஆங்கிலேயர் மலை என்றும் அழைத்திருக்கிறார்கள். பிஜாப்பூர் படை பிடித்தபோது கோட்டை பாதுஷாபாத் ஆனது. மராட்டியருக்குச் சந்தி அல்லது சிந்தி. 1698-இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் பிடித்ததும் நஸ்ரத்கட். வந்தவர்கள் எல்லாம் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வாயில் நின்றது செஞ்சி ஒன்றுதான்.

அண்டார்க்டிகாவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே வெற்றிடம், யாருடைய பெயரும் அழியவில்லை. அலாஸ்காவில் அப்படியில்லை. அங்குள்ள பழங்குடிகள் தெனாலி என்று அழைத்த 6,190 மீட்டர் சிகரத்துக்கு 1896-இல் ஒரு தங்கம் தேடி, அதிபர் வேட்பாளர் மெக்கின்லியின் பெயரை வைத்தார். 1917-இல் அது சட்டமாயிற்று. 2015-இல் மீண்டும் தெனாலி. 2025-இல் மறுபடி மெக்கின்லி. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு செயல்பாடு கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சுற்றியுள்ள குன்று, பாறை, சுனை ஆகியவற்றின் பெயர்களை எழுதி வரவேண்டும். மூன்று பத்தி: என்ன பெயர், யார் சொன்னார், ஏன் அந்தப் பெயர். ஒரே பாறைக்கு மூன்று தெருவிலிருந்து மூன்று பெயர் வந்தது. ஆடு மேய்க்கும் தாத்தாக்களிடம் கேட்டவர்களின் தாள்தான் நீளம். அரசர்கள் மலைக்கு மட்டும் பெயர் வைத்தார்கள், மேய்ப்பவர்களோ தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெண் குழந்தையின் தாளில் முதல் பத்தி ஒரு வரியில் காலியாக இருந்தது. "தாத்தா சொன்னாரு டீச்சர். ஆனா எழுத வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள் மெதுவாக.

எனக்கு உடனே புரிந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் தவிர நான்காவதாக ஒரு சிறிய குன்று உண்டு. புத்தகங்களில் அதற்கு இருப்பது ஒரு சாதியின் பெயர். இத்தனை ஆண்டுகளில் மூன்று மலைகளை மட்டும் சொல்லி நடத்தி வந்தவள் நான். நான்காவது சிறியது, முக்கியமில்லாதது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரிக்கத் துணியவில்லை. அது யார் காதில் விழும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று தாளை வாங்கிக்கொண்டு, "காலியா இருக்கட்டும்மா, தப்பில்ல" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவளையோ யாரையுமோ சுட்டாமல் வகுப்பிடம் பேசினேன். ஒரு குன்றின் பெயர் பழைய ஏட்டில் எப்படியோ பதிவாகியிருக்கிறது. வைத்தவர்கள் அந்த மக்களைக் கேட்டு வைக்கவில்லை. படிக்கிறவர் மனம் நோகும் பெயரை நாம் வாயால் சொல்லவேண்டிய கட்டாயமில்லை, அதே நேரம் அப்படி ஒரு பெயர் இருந்ததே இல்லை என்று மறைக்கவும் கூடாது. என்ன செய்யலாம்?

விவாதம் பாடவேளை முடிந்தும் ஓடியது. புதுப்பெயர் வைக்கலாம் என்றனர் பாதிப்பேர். நாம வெச்சா மட்டும் சரியாயிடுமா, அங்க பக்கத்துல குடியிருக்கிறவங்கள கேக்க வேணாமா என்றான் முதல் நாள் கேள்வி கேட்ட அதே பையன். பெட்டி மலை மாதிரி, அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்களை நினைத்து வைக்கலாம் என்றாள் ஒருத்தி. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையே என்றதும் அவளே யோசனையில் ஆழ்ந்துவிட்டாள்.

எல்லாத் தாள்களையும் சேர்த்து ஒரு பெரிய விளக்கப்படமாக வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் முன்கூட்டியே தங்கள் ஊர்ப் பெயர்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், நான் அதைச் செய்யவில்லை. நான்காவது குன்றின் கட்டத்தில் இப்போது பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. அடுத்த மாதம் அந்தக் குன்றின் அடியில் வசிக்கும் பெரியவர்களை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். அழைப்பிதழை எழுதியது அந்தக் குழந்தைதான்.