முதியோர் இல்லங்களுக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை?

‘வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.’ முதியோர் இல்லம் நடத்துவோரிடமும், கோவையிலும் சென்னைப் புறநகரிலும் பெருகிவரும் முதியோர் குடியிருப்புகளை நிர்வகிப்போரிடமும் இக்குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். குறை உண்மையானதே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதை எட்டியோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் அவர்கள் 10.4 விழுக்காட்டினர். அதன்பின் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. ஆனால், ஆள் ஏன் கிடைப்பதில்லை என்ற வினாவை நிர்வாகங்கள் எழுப்புவதில்லை. நாம் எழுப்புவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் அறையில் இரவும் பகலும் ஓர் உதவியாளர் இருக்க வேண்டுமெனில், வாரத்துக்கு 168 மணி நேரத்துக்கு ஆள் வேண்டும். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைத்தால் மூன்றரைப் பேர் தேவை. விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நால்வர். பல இல்லங்களோ 12 மணி நேரப் பணிமுறையில் இருவரைக் கொண்டே இதை ஒப்பேற்றுகின்றன. ஒருவருக்கு வாரம் 84 மணி நேர உழைப்பு. இதனால் மிச்சமாகும் ஊதியத்துக்கு விலை கொடுப்பது உதவியாளரின் முதுகும், உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்க ஆளின்றிப் படுக்கைப்புண் காணும் முதியவரும்தான். தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணி நேர வரம்பைக் கொணர்ந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தை, அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர் முன்வைத்தார். அந்த அளவுகோல் இவ்வறைகளுக்குள் இன்னும் நுழையவில்லை.

அடுத்து, இவ்வேலையைச் செய்வோர் யார் என்பது. படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுவதும், மலஜலம் அகற்றுவதும், டயாப்பர் மாற்றுவதும், புண்ணைத் துடைப்பதும் பயிற்சியும் பொறுமையும் வேண்டுகிற பணிகள். சாதியச் சமூகமோ உடற்கழிவைத் தீட்டென்று கருதி, அதைத் தொடுபவர் மீதும் அத்தீட்டை ஏற்றிவைத்தது. திறன் மிக்க இப்பணி ‘ஆயா வேலை’ என்று மலிவாக மதிப்பிடப்படுவதன் வேர் இதுவே. இதற்கு வருவோரில் தலித் பெண்களும் பிற வறிய சமூகப் பெண்களுமே மிகுதி. சமையற்கட்டுக்கு ஒரு சாதி, கழிவறைக்கு ஒரு சாதி என்ற பிரிவினையும் தொடர்கிறது. தம்மைக் கழுவித் துடைக்கும் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுக்கும் முதியவர்களும் உண்டு. தாய் பட்ட இழிவைக் கண்டு வளர்ந்து, படித்து வெளியேறும் மகள் இவ்வேலையை மறுக்கிறாள். நிர்வாகங்கள் இதைப் பற்றாக்குறை என்கின்றன. நாம் தன்மானம் என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாக மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. எத்தனை முதியவருக்கு எத்தனை உதவியாளர் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் பதிவு செய்து குறைந்தபட்சத் தரத்துக்கு உட்படுத்த முனைந்த 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா, 17ஆவது மக்களவையோடு காலாவதியானது. பட்டியல் சாதியினர் நலனும் மூத்த குடிமக்கள் நலனும் ஒன்றிய அரசில் ஒரே அமைச்சகத்தின் பொறுப்பு: சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம். பராமரிக்கப்படுபவர், பராமரிப்பவர் இருவருக்கும் அது பொறுப்புடையது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. இந்தியாவில் தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. பிறர் முதுமையைத் தாங்கும் கைகளுக்குச் சொந்த முதுமை வாய்ப்பதே அரிது. வாய்த்தாலும், தமிழ்நாட்டில் அவர்களுக்கு எஞ்சுவது மாதாந்திர முதியோர் உதவித்தொகை. அவர்கள் பணியாற்றிய இல்லத்தில் ஒரு படுக்கைக்கு அது போதாது.

எனவே, ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளைப் பெருக்குவது தீர்வாகாது. உதவியாளர் விகிதத்தைச் சட்டம் வரையறுக்க வேண்டும். மூன்று ஷிப்டு, வார விடுப்பு, திறனுக்குரிய ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, தூக்கும் கருவி ஆகியவை இல்லத்துக்கு உரிமம் வழங்கும் நிபந்தனைகளாக வேண்டும். சாதி பார்த்து வேலை பிரிக்கும் இல்லத்தின் உரிமம் ரத்தாக வேண்டும். மதிப்புள்ள வேலையாக இது மாறும் நாளில், எல்லாச் சமூகத்தவரும் இதற்கு வருவர்.