இதயத்துக்குள் ஒரு வரைபடம்

ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் முன்னால் ஒரு மின்தூண்டல் பிறக்கிறது. வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் தொடங்கி, மேலறைகளில் பரவி, கீழறைகளுக்கு இறங்குகிறது. அது வேறோர் இடத்திலிருந்து கிளம்பினாலோ, வட்டப் பாதையில் சிக்கிச் சுற்றினாலோ துடிப்பு தாறுமாறாகும். தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, கோளாறுள்ள இடத்தைச் சுட்டுச் செயலிழக்கச் செய்வது அப்லேஷன் சிகிச்சை. இதில் சுடுவதைவிட, எங்கே சுடுவது என்று அறிவதுதான் கடினம்.

1990களின் நடுப்பகுதி வரை மருத்துவருக்கு முதன்மையான வழிகாட்டி எக்ஸ்-ரே திரைதான். அதில் கதீட்டர் தெரியும்; அது தொடும் இதயச் சுவர் சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்த இடங்களை மனத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளிமீது கதிர்வீச்சு படும். மருத்துவக் குழுவினர் கனமான ஈயக் கவசத்துடன் மணிக்கணக்கில் நிற்க நேரும்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தில் ஷ்லோமோ பென்-ஹைமும் சக ஆய்வாளர்களும் இதற்கு மாற்று கண்டு, 1997இல் அதை விரிவாக வெளியிட்டனர். கட்டிலுக்கு அடியிலுள்ள சுருள்கள் வலுக்குறைந்த காந்தப்புலங்களை எழுப்புகின்றன. கதீட்டர் நுனியிலுள்ள உணரி அவற்றை அளக்க, நுனி இருக்கும் இடத்தைக் கணினி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துல்லியத்தில் கணக்கிடுகிறது. அந்த இடத்துக்கு மின்தூண்டல் எப்போது வந்தது என்பதும் உடன் பதிவாகிறது. இடமும் நேரமும் இப்படி இணைந்ததே இந்த நுட்பத்தின் உயிர்நாடி. புள்ளிகள் சேரச் சேர, திரையில் இதய அறையின் முப்பரிமாண உருவம் எழும். வழக்கமாக, தூண்டல் முந்தி வந்த பகுதி சிவப்பாகவும் பிந்தியது ஊதாவாகவும் தெரியும்.

மற்றொரு வகை வரைபடம் மின்னழுத்தத்தைக் காட்டுகிறது. மாரடைப்பில் மடிந்த தசை மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. கீழறையில் 0.5 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த பகுதி தழும்பாகக் கொள்ளப்படுகிறது. உயிரைப் பறிக்கவல்ல கீழறைத் துடிப்புக் கோளாறுகள் பலவும் இத்தகைய தழும்புகளின் ஓரத்தில் உருவாகின்றன.

மேலறை நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புவதை ஃபிரான்சின் போர்தோ நகரில் மிஷல் ஹைசாகெர் குழுவினர் 1998இல் காட்டியபின், இந்தக் கருவிக்குத் தேவை பெருகியது. சிரைகளின் வாயைச் சுற்றி இடைவெளி விடாமல் சுட வேண்டியிருந்ததே காரணம். முன்பு புள்ளி புள்ளியாக எடுத்ததை, 64 மின்முனைகள் கொண்ட கூடை வடிவக் கதீட்டர் இன்று சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கில் திரட்டுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எக்ஸ்-ரேயை மிகக் குறைத்தோ, முற்றிலும் தவிர்த்தோ சிகிச்சை தர முடிவது பெரும் பேறு.

நோயாளி அசைந்தால் வரைபடம் இடம் பெயர்ந்துவிடும். கதீட்டர்களின் விலையும் அதிகம். எளிய வகைப் படபடப்புகள் பலவற்றைப் பழைய முறையிலேயே குணப்படுத்த முடிவதால், அவற்றுக்கு எல்லா மருத்துவமனைகளும் இதைப் பயன்படுத்துவதில்லை.